வெள்ளி கறுக்கும் குழி

கேள்வி கேட்க வந்தவருக்கு அறுபது வயது. பதில் சொல்ல வேண்டியவருக்கு அதில் பாதியைத் தாண்டிச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன.

வந்தவர் பொன்னுரங்கம். அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். உள்ளே இருந்தவர் கோகிலவாணி டீச்சர், அந்த ஊர் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை.

டீச்சரைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. கேள்வி கேட்டால் வாயைத் திறக்க மாட்டார், அலமாரியைத் திறப்பார் என்பார்கள். அந்த அலமாரி சுவர் உயரத்துக்கு நின்றது. அடித்தட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பாடப் புத்தகங்கள். மேலே போகப் போகக் கல்லூரிப் புத்தகங்கள். உச்சித் தட்டில், ஸ்டூல் போட்டு ஏறினால்தான் எட்டும் தடித்த இங்கிலீஷ் புத்தகங்கள். வருகிறவருக்கு எது தாங்குமோ அதை எடுத்துக் கொடுப்பார். படித்து, புரிந்ததை வந்து சொன்னால்தான் அடுத்த தட்டு.

"எனக்கு வேதியியல் படிக்கணும் டீச்சர்," என்றார் பொன்னுரங்கம்.

"எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க ஐயா?"

"எட்டாவது. அதுவும் பாதியில நின்னது."

"இப்ப எதுக்கு?"



"என் மகன் எப்படிச் செத்தான்னு தெரியணும்."

டீச்சருக்குத் தெரியும். ஊருக்கே தெரிந்த கதைதான் அது.

ஊருக்கு வெளியே ஒரு ஜவ்வரிசி ஆலை. மரவள்ளிக் கிழங்கை அரைத்துக் கழுவிய தண்ணீர் போய்ச் சேரும் ஆழமான கழிவுத் தொட்டி ஒன்று அங்கே உண்டு. ஊரார் அதைக் குழி என்றே சொல்வார்கள். நெடுநாள் மூடிக் கிடந்த ஆலையைத் திரும்ப ஓட்டப் பார்த்த அன்று குழிக்குள் இருந்த பம்பு தண்ணீர் இழுக்கவில்லை. மோட்டார் மெக்கானிக் நவநீதனைக் கூப்பிட்டார்கள். பொன்னுரங்கத்தின் ஒரே பிள்ளை. கூட ஒத்தாசைக்குப் போனவன் மாதப்பன். சின்ன வயதிலிருந்தே நவநீதனின் சிநேகிதன். பொன்னுரங்கத்தின் வீட்டில் பாதி நாள் சாப்பிட்டு வளர்ந்தவன்.

நவநீதன் இரும்பு ஏணியைப் பிடித்துக் குழிக்குள் இறங்கினான். மாதப்பன் மேலே நின்று, "என்னடா, சேறு அதிகமா?" என்று கேட்டான். நவநீதன் நிமிர்ந்து பார்த்தான். பதில் சொல்லவில்லை. களைத்து வந்தவன் உட்காருவதுபோல மெதுவாகச் சேற்றில் உட்கார்ந்தான். அப்புறம் எழவே இல்லை.

மாதப்பன் கத்தினான். ஓடினான், ஆட்களைக் கூப்பிட்டான், திரும்பி வந்து மறுபடி கத்தினான். இறங்கவில்லை. தீயணைப்பு வண்டி வந்துதான் உடலை எடுத்தார்கள்.

இடுப்பில் கிடந்த வெள்ளி அரைஞாண்கொடி கரியாகக் கறுத்திருந்தது. குழிக்குள் இருப்பது தொட்டால் வெள்ளி கறுக்கும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அது ஒற்றை ஆளோடு அடங்காது, ஜோடி கேட்கும் என்றும் பேசிக்கொண்டார்கள். ஆலையைப் பூட்டிவிட்டு முதலாளி போய்விட்டார்.

"ஆஸ்பத்திரியில மூச்சுத்திணறல்னு எழுதிக் குடுத்தாங்க," என்றார் பொன்னுரங்கம். "திணறுனா கத்த மாட்டானா? கை காலை உதற மாட்டானா? அவன் பாட்டுக்கு உட்காந்தான்னு சொல்றான் அந்தப் பையன். நின்னு வேடிக்கை பாத்த பய சொல்றத எப்படி நம்பறது?"

டீச்சர் எழுந்துபோய் அடித்தட்டிலிருந்து ஆறாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை எடுத்து வந்து கொடுத்தார்.

"இதுலயா இருக்குது?"

"இதுல தொடங்குது."

பொன்னுரங்கம் வீட்டில் மெழுகுவர்த்தியை ஏற்றி, மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்தார். சுடர் சிறுத்து, நீலமாகி, அணைந்தது. எரிவதற்குக் காற்றில் இருக்கும் ஆக்சிஜன் வேண்டும், அது குறைந்தால் சுடர் நிற்காது என்று புத்தகத்தில் இருந்தது. அவர் மனைவி அங்கம்மாள் வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் உச்சி வெயிலில் அவர் ஆலைக்குப் போனார். காவலுக்கு ஆள் இல்லை. குழியை மூடியிருந்த தகரத்தை நகர்த்தினார். அழுகிய முட்டை நாற்றம் முகத்தில் அடித்தது. ஒரு தகர டப்பாவில் மெழுகுவர்த்தியை ஏற்றிக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டார்.

பாதி ஆழம்வரை சுடர் நன்றாக எரிந்தது. அதற்குக் கீழே இறங்கியதும் அணைந்தது. காற்றில் அணைவதுபோல அது படபடக்கவில்லை. விரல் வைத்துக் கிள்ளியதுபோல அடங்கிப்போனது.

மேலே இழுத்துத் திரும்ப ஏற்றி இறக்கினார். அதே இடத்தில் அணைந்தது. மறுபடியும் அதே இடம். அங்கே யாரோ கையை நீட்டிக் காத்திருப்பதுபோல இருந்தது. வெயிலில் நின்றும் அவருக்கு முதுகு சில்லிட்டது.

ஆனாலும் உடனே கிளம்ப மனம் வரவில்லை.

அன்று சாயங்காலம் டீச்சரிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் வெளுத்தது.

"குழிக்குள்ள தீயை விட்டீங்களா?"

"புத்தகத்துல..."

டீச்சர் இன்னொரு புத்தகத்தை எடுத்தார். பத்தாம் வகுப்பு. ஒரு பக்கத்தைத் திறந்து விரலை வைத்தார். பொன்னுரங்கம் எழுத்துக்கூட்டிப் படித்தார். காற்றுப் படாமல் அழுகும் பொருளிலிருந்து மீத்தேன் என்ற வாயு வரும். அது தீப்பிடித்து எரியும். காற்றோடு கலந்திருந்தால் வெடிக்கும்.

அவர் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"அப்ப அந்த ஆறாம் வகுப்புப் புத்தகம் பொய்யா டீச்சர்?"

"பொய்யில்லைங்க. அது வாசல்வரைக்கும் கூட்டிட்டுப் போகும். உள்ள என்ன இருக்குன்னு சொல்றதுக்கு அதுல இடமில்லை."

அதே பாடத்தில் அழுகிய முட்டை நாற்றத்துக்கும் பெயர் இருந்தது. ஹைட்ரஜன் சல்பைடு. வெள்ளியைக் கறுக்கவைக்கும் என்று ஒரே ஒரு வரி. அந்த வரியைப் பொன்னுரங்கம் பலமுறை படித்தார்.

அதற்கு அடுத்து பதினோராம் வகுப்பு வந்தது, பிறகு பன்னிரண்டு. அறுபது வயதுக்காரர் பள்ளிப் பையன்போல வாய்விட்டுப் படித்தார். கறுத்த வெள்ளியைத் திரும்ப வெளுக்க வைக்கும் முறையை டீச்சரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார். அலுமினியப் பாத்திரம், கொதிக்கும் தண்ணீர், சோடா உப்பு. கறுப்பில் இருக்கும் கந்தகத்தை அலுமினியம் வாங்கிக்கொள்ளும்.

அடுப்படியில் மகனின் அரைஞாண்கொடியைப் போட்டார். தண்ணீர் நுரைத்தது. கரி மெல்லக் கரைந்து வெள்ளி தலைகாட்டியது. கூடவே ஆவியோடு ஒரு வாசம் எழுந்தது. குழியின் அழுகிய முட்டை நாற்றம், அங்கம்மாள் சோறு வடிக்கும் இடத்தில்.

அங்கம்மாள் வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

"இத்தன நாளா கொடிக்குள்ள இருந்துருக்குது அங்கம்மா," என்றார் பொன்னுரங்கம். "நம்ம பீரோவுக்குள்ள, அவன் சட்டைக்குப் பக்கத்துலயே."

பளபளவென்றிருந்த கொடியை எடுத்துக்கொண்டு அவர் ஆலைக்குப் போனார். நூலில் கட்டிக் குழிக்குள் இறக்கி, விளிம்பிலேயே உட்கார்ந்து காத்திருந்தார். இழுத்தபோது அது மங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டு இழுத்தார். கறுத்திருந்தது.

அன்றிலிருந்து அதுதான் அவர் வேலை. வீட்டில் வெளுக்க வைப்பார். குழியில் கறுக்க வைப்பார். முதலில் சும்மாதான் செய்தார். போகப் போக, இறக்குவதற்கு முன் ஏதாவது கேட்கத் தொடங்கினார். வலிச்சுதாடா? அப்பாவ நெனச்சியா? கொடி கறுத்து வரும். கேட்டதற்குப் பதில் வந்ததாக அவர் மனசு நிறையும். ஏன் கறுக்கிறது என்று இப்போது அவருக்குப் புத்தகத்தைப் பார்க்காமலே சொல்லத் தெரியும். தெரிந்தும் கேட்டார்.

ஆலைக்குப் போகும் வழியில்தான் மாதப்பனின் வீடு. அவன் வேலைக்குப் போவதில்லை. நாள் முழுக்கச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டே இருப்பான். சாப்பிடுவதும் நின்றபடிதான். "உட்காரவே மாட்டேங்கறான் அண்ணா, உட்காந்தா எந்திரிக்க முடியாதுங்கறான்," என்று அவன் அம்மா ஒருநாள் தெருவில் மறித்து அழுதாள். பொன்னுரங்கம் நிற்காமல் நடந்தார். சாவு வீட்டில் அவன் சட்டையைப் பிடித்து, "நின்னு பாத்தியாடா?" என்று கேட்டதுதான் அவர் அவனிடம் கடைசியாகப் பேசியது. அவனும் அதற்குப் பிறகு யாரிடமும் சரியாகப் பேசவில்லை. அவர் தெருவைக் கடக்கும்போது மட்டும் தலையைக் குனிந்துகொள்வான்.

ஒருநாள் பொன்னுரங்கம் டீச்சர் வீட்டுக்கு மலர்ந்த முகத்தோடு வந்தார்.

"அந்த நாத்தம் இருக்குதுல்ல டீச்சர், அது எப்பவும் இருக்கறதில்ல. கொஞ்ச நேரம் குனிஞ்சு உட்காந்திருந்தா நின்னுபோயிடுது. சுத்தமா இல்ல. அப்ப ஒரு அமைதி வரும் பாருங்க. அவன் பக்கத்துல வந்துட்டான்னு தோணும்."

டீச்சர் எழுந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, உச்சித் தட்டிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்தார். அதை அவர் கையில் கொடுக்கவில்லை. தன் மடியில் வைத்து, வரி வரியாகப் படித்துத் தமிழில் சொன்னார்.

"நாத்தம் போகலைங்க. மூக்குதான் போயிடுது. இந்த வாயு அதிகமானா மோப்பம் பிடிக்கற நரம்பையே முடக்கிடும். இருக்கறவங்களுக்கு ஆபத்து விலகிடுச்சுன்னு தோணும். அப்பதான் அது ரொம்பப் பக்கத்துல இருக்குது."

பொன்னுரங்கம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அதுக்கு மேல போனா ஒண்ணு ரெண்டு மூச்சுதான். ரத்தத்துல ஆக்சிஜன் இருக்கும். உடம்பால அதை எடுத்துக்க முடியாது. இலையில சோறு பரிமாறியாச்சு, கை மட்டும் எழும்பலைங்கற மாதிரி. கத்தறதுக்கு நேரம் கிடையாது. நிமிர்ந்து பாக்கறவருக்குப் பாக்கறோம்னே தெரியாது."

"அப்ப அவன் கஷ்டப்படல."

"இல்லைங்க."

"அந்தப் பய சொன்னது நெசந்தான். அவன் பாட்டுக்கு உட்காந்திருக்கான்."

"ஆமா."

டீச்சர் புத்தகத்தை மூடினார். இதோடு எழுந்துவிடுவார் என்று நினைத்திருக்க வேண்டும். ஆனால் பொன்னுரங்கம் நிமிர்ந்து கேட்டார்:

"இதுக்கு மேல என்ன புத்தகம் இருக்குது?"

"இதுக்கு மேலயும் நிறைய எழுதியிருக்காங்க ஐயா. முடிவே இல்லை. ஆனா உங்களுக்கு இதுக்கு மேல புத்தகம் இல்லை. இனிமே அந்தக் குழிப் பக்கம் போகாதீங்க."

அவர் தலையாட்டிவிட்டு எழுந்தார். வாசலில் செருப்பைத் தேடியபோது டீச்சர் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது முதுகில் தெரிந்தது. திரும்பவில்லை.

மறுநாள் மத்தியானம் அவர் குழி விளிம்பில் நின்றார். இந்தமுறை கொடி கொண்டுவரவில்லை. வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். தகரத்தை முழுசாக அப்பால் தள்ளியிருந்தார். ஆலை வளாகத்தில் ஒரு காக்கை இல்லை, ஒரு ஈ இல்லை. உலர்த்தும் களத்தில் வெயில் மட்டும் வெள்ளை வெளேரென்று கிடந்தது.

நாற்றம் முகத்தில் அடித்தது. அவர் குனிந்து காத்திருந்தார். மெல்ல மெல்ல அது நின்றது.

உள்ளே அமைதியாக இருந்தது. சேறு மினுங்கியது. ஏணிக்குப் பக்கத்தில், ஓர் ஆள் உட்காரும் அளவுக்குக் கொஞ்சம் இடம் பள்ளமாகத் தெரிந்தது. வெயில் அசைந்ததாலோ என்னவோ, அந்தப் பள்ளத்தில் ஏதோ நிமிர்ந்து பார்த்ததுபோல அவருக்கு இருந்தது.

"வரேன்டா," என்றார்.

முதல் கம்பியில் காலை வைத்தார்.

"ஐயா."

திரும்பினார். கோகிலவாணி டீச்சர் நின்றுகொண்டிருந்தார். பின்னால், ஓடி வந்த இளைப்பு அடங்காமல் அங்கம்மாள். முந்தின நாள் அவர் தலையாட்டியதை நம்பாமல் டீச்சர் வீட்டுக்கே தேடிப் போயிருக்க வேண்டும்.

"கிட்ட வராதீங்க," என்றார் பொன்னுரங்கம். "நான் ஒண்ணும் சாகப் போகல. மூச்சைக் கட்டிட்டு எறங்குவேன். அவன் உட்காந்த எடத்துல ஒரு தடவ உட்காந்து பாத்துட்டு ஏறிடுவேன். எவ்வளவு நேரம் தாங்கும்னு எனக்குத் தெரியும். நீங்கதான படிச்சுச் சொன்னீங்க."

அங்கம்மாள் வாயைத் திறந்தாள். டீச்சர் அவள் கையைப் பிடித்து அழுத்தினார்.

"சரிங்க," என்றார் டீச்சர். "இறங்குங்க."

அவர் செருப்பைக் கழற்றினார். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தார்.

"நீங்க எதுக்குச் செருப்பக் கழட்டறீங்க?"

"நீங்க உட்காந்ததும் நான் இறங்கணும் இல்லீங்களா? தூக்கறதுக்கு ஆள் வேணுமே."

பொன்னுரங்கம் புரியாமல் பார்த்தார். அங்கம்மாள் தன் செருப்பையும் கழற்றினாள். டீச்சருக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"அங்கம்மா, நீ எங்க வர?"

"டீச்சர் விழுந்தா அவங்களத் தூக்க ஆள் வேண்டாமா?" என்றாள் அங்கம்மாள். அவள் குரல் யாருடையதோ போல இருந்தது.

அவருக்குக் கீழே குழி பேசாமல் கிடந்தது. ஜோடி கேட்கும் என்று ஊரில் சொன்னது அவர் காதுக்குள் ஓடியது. இரண்டு பெண்கள் வெயிலில் வெறுங்காலோடு வரிசையில் நிற்பதுபோல நின்றார்கள்.

"பைத்தியமா உங்களுக்கு?" என்று கத்தினார். "டீச்சர், நீங்க படிச்சவங்க! எறங்குனா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா விழுந்து கிடக்கறவரை விட்டுட்டு எப்படி நிக்கறது?"

"விட்டுட்டுத்தான் நிக்கணும்! மேலயே நில்லுங்க. கத்துங்க, ஆளக் கூப்பிடுங்க, வண்டி வர்ற வரைக்கும் கத்துங்க. ஆனா கால மட்டும் வெக்காதீங்க. கால வெச்சா ரெண்டு பொணம். கூட எறங்கறதுல யாரையும் காப்பாத்த முடியாது!"

அவர் குரல் குழிக்குள் போய் மோதி, கொஞ்சம் தாமதித்து அடியிலிருந்து திரும்பி வந்தது.

அதைக் கேட்டபடி பொன்னுரங்கம் ஏணியைப் பிடித்துக்கொண்டே நின்றார். வெகுநேரம் நின்றார். பிறகு காலை எடுத்து விளிம்பில் வைத்தார். அங்கம்மாள் ஓடிவந்து அவர் தோளைப் பற்றிக் குழியைவிட்டுத் தள்ளிக் கூட்டிப்போனாள். களத்தின் நடுவில், காற்று வரும் இடத்தில், அவர் முழங்காலை மடித்து உட்கார்ந்தார். நெஞ்சு விம்மி விம்மி மூச்சு வாங்கியது. நாற்றம் மெல்லத் திரும்ப அவர் மூக்குக்கு வந்தது.

"நான் இப்ப சொன்னது எந்தப் புத்தகத்துல டீச்சர் இருக்குது?" என்று கேட்டார். அவர் கண்கள் தரையில் இருந்தன.

"நீங்க படிச்ச எல்லாத்துலயும் இருக்குது."

அங்கம்மாள் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள்.

"மாதப்பன் எதையும் படிச்சதில்லைங்க ஐயா," என்றார் கோகிலவாணி டீச்சர். "யாராவது போய்ச் சொன்னாத்தான் அவருக்குத் தெரியும்."